துணைக்கு வந்தவர்கள்

என் அம்மா பத்தாம் வகுப்புக்குப் படித்த வருஷத்தில் நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம். பகலில் நான் உட்கார்ந்த அதே தரையில் மாலையில் அவள் உட்கார்ந்தாள். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து கன்னிவாடி போகிற சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. பள்ளிக்கூடம் கண்மாய்க்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊரில், மாதா கோயிலை ஒட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பங்குச் சாமியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்குகிறது. எந்த வயதுக்காரரும் வரலாம், எந்த மதத்தாரும் வரலாம், கட்டணம் கிடையாது. படித்துத் தேறினால் தனியாகப் பத்தாவது பரீட்சை எழுதலாம். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஏனென்றால் அப்போது அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா எட்டாவது முடித்தவள். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போகவேண்டும் என்பதால் நிறுத்தப்பட்டவள். விடியுமுன் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள். அங்கன்வாடி டீச்சர் வேலைக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை அவள் மனதில் போட்டு வைத்திருந்தாள். அப்பா நூல் மில்லில் இருந்தார். அவர் பத்தாவது வரை போனவர். ‘பத்தாவது வரை’ என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் விசாரிப்பதில்லை.

அம்மா கேட்டபோது அப்பா மறுக்கவில்லை. தாத்தா ஒரு பக்கம் கை கால் விழுந்து கட்டிலோடு கிடந்தார். தம்பி அப்போதுதான் நடை பழகியிருந்தான். மில் விட்டு வந்ததும் இருவரையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனைதான்.

“தனியாப் போகாத. பாப்பாவ தொணைக்குக் கூட்டிட்டுப் போ.”

இப்படித்தான், பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த நான், ஒரு பெரிய மனுஷிக்குப் பாதுகாப்பாக நியமிக்கப்பட்டேன்.

பகலில் கண்மாய்க் கரை எங்களுடைய ராஜ்ஜியம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் எல்லோரும் ஓட்டமும் துரத்தலுமாக அதில்தான் வருவோம். வகுப்பு முடிந்து அம்மாவோடு திரும்பும்போது அது வேறு ஏதோ ஊரின் பாதையாக மாறியிருக்கும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் வளர்ந்து, நடுவில் இருவர் சேர்ந்து நடக்க மட்டும் இடம் விட்டிருந்தது. இந்த முனையில் ஒரு தெருவிளக்கு, அந்த முனையில் ஒரு தெருவிளக்கு, நடுவில் எதுவும் இல்லை. உடைந்த மடைக்குப் பக்கத்தில் சில ஆண்கள் உட்கார்ந்து குடிப்பார்கள். முகம் தெரியாது. நாங்கள் நெருங்கும்போது பேச்சை நிறுத்துவார்கள், கடந்து போனதும் மறுபடி தொடங்குவார்கள். அவர்கள் பேசும்போது இருந்த பயத்தைவிட நிறுத்தும்போதுதான் எனக்குப் பயம் அதிகம்.

எங்களோடு மேட்டுத்தெரு அக்கா ஒருத்தி வருவாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். இங்கிலீஷ் பாடத்தில் ஒரு வார்த்தை வாயில் நுழையாவிட்டால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்குவாள். அவள் கூட இருந்தால் மடை வந்ததே தெரியாது.

கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம். வீடுகளில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்திருந்தன. பொழுது சீக்கிரம் சாய்ந்தது. அப்படி ஒரு மாலையில்தான் முதன்முதலாக அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டேன்.

எங்களுக்குப் பின்னால் வந்தது. நாங்கள் நடந்தால் நடந்தது. என் செருப்பில் முள் ஏறி நான் நின்றபோது அதுவும் நின்றது. அக்கா திரும்பிப் பார்க்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். “திரும்பாத. நட.” அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை. அம்மாவின் பிடியில் என் விரல்கள் ஒன்றோடொன்று நெரிந்தன. அவள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அருள் நிறைந்த மரியே சொல்கிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்துகொள்ளப் பார்த்தேன். அது வேறு. ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்று தொடங்கி, ஏ ஸ்கொயர் ப்ளஸ் டூ ஏபி என்று போனது. பேயை விரட்டப் பெரியவர்களுக்கென்று தனி ஜெபம் இருக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

தெருவிளக்கின் வெளிச்சத்துக்குள் வந்ததும் அம்மா குனிந்து என் முகத்தைப் பிடித்தாள். “வீட்டுல சொல்லாதத்தா. சொன்னா எல்லாம் நின்னு போயிரும்.”

வீட்டில் அப்பா தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, கடைக்குப் போய் வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தம்பி அடுத்த வீட்டு அத்தையிடம் இருந்தான். சாப்பிடும்போது அப்பா என்னைக் கேட்டார்.

“வழியில யாரும் பேச்சுக் குடுத்தாங்களா?”

“இல்லப்பா.”

“வகுப்புல?”

“இல்லப்பா.”

அம்மா ரசத்தை ஊற்றியபடி நிமிராமல் இருந்தாள். ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் அப்பா இதையே கேட்டார். நானும் இதையே சொன்னேன்.

செருப்புச் சத்தம் தினமும் வரவில்லை. அதுதான் கொடுமை. வந்திருந்தால் பழகியிருக்கும். இரண்டு நாள் இல்லாமல் இருக்கும், அடுத்த நாள் கருவேலத்துக்குள் சருகு நொறுங்கும். பகலில் கணக்குப் போடும்போதுகூட எனக்கு அந்தச் சருகு காதில் கேட்டது. ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் அலறிவிட்டேன். வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “நீ வரலைன்னா நானும் போக முடியாதுல்ல” என்றாள். திட்டியிருந்தால் அழுது அடம் பிடித்திருப்பேன். அவள் கெஞ்சுவதுபோலச் சொன்னாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மாலை வகுப்பை நடத்திய டீச்சர் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இளம்பெண். எல்லோரையும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவார். வகுப்பில் ஆண்கள் குறைவு. அவர்கள் சுவரோரம் கிடந்த பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். பெண்கள் அதிகம், தரையில் உட்கார்ந்தோம். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை.

ஒரு நாள் பாடம் முடிகிற சமயத்தில் அம்மா எழுந்து நின்றாள். வகுப்பை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாள். பாதை சரியில்லை, இருட்டிவிடுகிறது என்றாள். செருப்புச் சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. டீச்சர் தயங்கினார். எல்லோருக்கும் பொதுவான நேரம் என்றுதான் இதை வைத்தோம், ஒருத்தருக்காக மாற்றினால் நியாயமாக இருக்காதே என்றார். பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரர் ஒருவர், “ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் நாங்க செத்த நேரம் கண்ணசர்றோம். இருட்டுக்குப் பயமா இருந்தா வீட்டுலயே இருக்கலாமேக்கா, யாரு வேணாங்கிறா?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மற்ற ஆண்களும் சிரித்தார்கள். டீச்சர், “வேற யாருக்காவது கஷ்டம் இருக்கா?” என்று தரையில் இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். பெண்கள் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தார்கள். மேட்டுத்தெரு அக்காவும் பார்த்தாள். அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அக்கா வரவில்லை. அவள் வீட்டு வாசலில் போய் நாங்கள் நின்றபோது உள்ளேயிருந்து வந்து கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினாள்.

“எனக்கு வேணாங்க்கா. எவனோ ஒருத்தன் பின்னாடியே வாரான். அத யாராச்சும் பாத்துட்டு அவருக்குப் போன் போட்டாங்கன்னா, நான்தான் வரச் சொன்னேம்பாரு. நீங்க போங்க.”

அவளுடைய இங்கிலீஷ் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தாள், டீச்சரிடம் சேர்த்துவிடச் சொல்லி. அன்று கரையில் அம்மாவும் நானும் மட்டும்தான். போகும்போது வெளிச்சம் இருந்தது. திரும்பும்போது ஊரெங்கும் கரண்ட் இல்லை. இரண்டு முனைகளில் இருந்த தெருவிளக்குகளும் அணைந்து, கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அம்மாவிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. அதன் டார்ச்சு எங்கள் கால்விரல்களுக்கு மட்டும் போதுமானதாக இருந்தது.

மடையில் யாரும் இல்லை. அதுவே எனக்குக் கிலியாக இருந்தது. அதைத் தாண்டியதும் சத்தம் வந்தது. இந்த முறை நெருக்கத்தில். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. உள்ளாடை நனைவதை உணர்ந்தேன். அது வெட்கமாகக்கூட இல்லை. அம்மா முணுமுணுப்பதை நிறுத்திவிட்டாள். நின்றாள். என்னைத் தன் பின்னால் தள்ளினாள். குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். அவள் உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது, சேலையைப் பிடித்திருந்த எனக்கு அது தெரிந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“எவன்டா அது? இன்னும் ஒரு எட்டு வச்ச, மண்ட பொளந்துரும்.”

போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் உருவம் நின்றது. கண் கூசி, கையை முகத்துக்கு நேராகக் கொண்டுபோனது. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

“அப்பா!”

ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு நாள் தேங்கிக் கிடந்த அழுகை எல்லாம் வெளியே வந்தது. பேயும் இல்லை, திருடனும் இல்லை, அப்பா! இத்தனை நாளும் எங்களுக்குக் காவலாக வந்தது அப்பா! நான் அழுதுகொண்டே சிரித்தேன். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் இன்னும் கல்லைக் கீழே போடவில்லை.

“சும்மா… தொணைக்கு வந்தேன்” என்றார் அப்பா.

“தொணைக்கு வாரவங்க கூட வரணும். இப்பிடிப் பதுங்கியா வருவாங்க?”

அப்பா தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார்.

“எத்தன நாளா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “மில்லுல பசங்க ஒரு மாதிரி பேசுறாய்ங்க. பொம்பளைக படிக்கிறேன்னு போறது எதுக்குன்னு…” என்று இழுத்தார்.

“அந்தப் புள்ள பயந்து படிப்ப விட்டுட்டா. உங்களுக்குப் பயந்து.”

தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. அம்மா கல்லைத் தண்ணீருக்குள் வீசினாள். “நாளைக்கு உள்ள வந்து உக்காருங்க. நான் என்ன செய்றேன்னு ஒங்க கண்ணாலயே பாருங்க” என்றாள்.

இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்தேன். அந்தக் கண்மாய்க் கரையில் அவ்வளவு நிம்மதியாக நான் நடந்ததே இல்லை. ஒரு பக்கம் அப்பாவின் கை தொளதொளவென்று இருந்தது. மறுபக்கம் அம்மாவின் பிடி மட்டும் தளரவில்லை. முன்னைவிட இறுகியிருந்தது. எல்லாம் தெரிந்துவிட்ட பிறகும் ஏன் இன்னும் பயப்படுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அப்பா உண்மையிலேயே வந்தார். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். “வாங்கண்ணே, வாங்க” என்று பெஞ்சில் இடம் காட்டினார். விசாரித்ததில் அப்பா பத்தாவதில் கணக்கிலும் இங்கிலீஷிலும் மட்டும்தான் தவறியவர் என்று தெரிந்தது. “ரெண்டே பேப்பர்தானண்ணே! விட்டுறாதீங்க” என்றார் டீச்சர். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, வேவு பார்க்க வந்தவரைப் போலவே முதல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். பிறகு கையை அவிழ்த்தார். பிறகு ஒரு பென்சில் கேட்டார். வீட்டில் அம்மாதான் அவருக்கு அந்த ஏ ப்ளஸ் பி-யைச் சொல்லிக்கொடுத்தாள். அவர் தப்பாகப் போட்டால் சிரிக்காமல், மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அப்பாவுக்குப் பிடிபட்டபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அந்த வயதில் ஒருவருக்குப் படிப்பில் அப்படி ஓர் ஆசை வருவது நல்ல விஷயம்தான். அதை இன்றைக்கும் நான் குறை சொல்லமாட்டேன்.

தாத்தாவையும் தம்பியையும் அடுத்த வீட்டு அத்தை பார்த்துக்கொண்டாள். எத்தனை நாள் அப்படி நடக்கும்? ஒரு மாலை நாங்கள் மூவரும் திரும்பி வந்தபோது தாத்தா கட்டிலிலிருந்து விழுந்து, ஈரத் தரையில் கிடந்தார். தண்ணீருக்குக் கை நீட்டியிருக்கிறார். அத்தை அவள் வீட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள். தாத்தாவின் நெற்றியில் இரத்தம் காய்ந்திருந்தது. குழந்தையைப்போல அழுதார். அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள்.

அன்றைக்கு வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். யார் என்று பேசவில்லை. மறுநாள் மாலை அப்பா கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினார். அம்மா அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக்கொண்டு கத்திரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து டீச்சர் வீட்டுக்கே வந்தார். “அக்கா, நம்ம வகுப்புலேயே நீங்கதான் நல்லாப் படிச்சீங்க. அண்ணனும் நீங்களும் மாறி மாறி வரலாம்ல?” என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

“வரட்டுமே! நான் என்ன வேணாம்னா சொன்னேன்?” என்றார் அப்பா. அது உண்மைதான். அவர் சொல்லவில்லை. “பரீட்சை வந்துருச்சு. எனக்கு ரெண்டு பேப்பர்தான். மொதல்ல நான் முடிச்சுர்றேன். அடுத்த தடவ அவ எழுதட்டும்.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. டீச்சரும் தலையாட்டினார். அடுத்த தடவை தாத்தா இன்னும் முடியாமல் போனார். அதற்கடுத்த தடவை தம்பியைப் பள்ளியில் சேர்த்தோம். பிறகு டீச்சருக்கு எங்கோ வேலை கிடைத்தது. மாலை வகுப்பு நின்றுபோனது. இன்றைக்கும் யாராவது கேட்டால் அம்மா எட்டாவது என்றுதான் சொல்கிறாள். மேட்டுத்தெரு அக்கா திருப்பூருக்குப் போய்விட்டாள். தன் பின்னால் வந்தது யார் என்று அவளுக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அப்பா தேறினார். மில்லில் அவரைச் சூப்பர்வைசராகப் போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அவர் பெயரைச் சொல்லி, முயன்றால் யாரும் படிக்கலாம் என்பதற்கு இவர் ஓர் எடுத்துக்காட்டு என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் என் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். வீட்டில் கூட்டம் கூடியது. ஆட்டோக்காரரும் வந்திருந்தார். அம்மா பெரிய பாத்திரத்தில் கேசரி கிண்டினாள்.

அடுப்படியில் அவளோடு நான் மட்டும் இருந்தபோது, வெகு நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன்.

“இனிமே சாயங்காலம் அந்தக் கம்மாய்க் கரையில நாம போக வேண்டாம்லம்மா?”

கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வேண்டாம்த்தா. இனிப் போக வேண்டாம்.”

அப்படியே என் தலையைத் தடவிக்கொடுத்தாள். என்னைப்போலவே அவளுக்கும் பயம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் கேசரித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.